குளியலறையினுள் மட்டும் இயலாதவர்

நங்கூரத் தொடர்மாடியில் ஆணி அடிப்பது குற்றம். வாடகை ஒப்பந்தத்தின் ஒன்பதாம் பந்தி அப்படிச் சொல்கிறது. அதனால் உள்துறைமுகத்தைப் பார்த்தபடி நிற்கும் எங்கள் நாற்பத்தெட்டு வீடுகளிலும் கலண்டரைக் கோதுமைமாப் பசை காய்ச்சித்தான் ஒட்டுகிறோம். என்னுடைய மனுசனின் படம் பதினொரு வருசமாக அலுமாரிக்கு மேலே சாய்ந்துகொண்டு நிற்கிறது. யாராவது கதவை அடித்துச் சாத்தினால் குப்புற விழுந்துவிடுவார். நான் தூக்கி நிமிர்த்திவிடுவேன். படத்தைத் தூக்குவது லேசு.

பக்கத்து வீட்டு அபூதாஹிர் நானாவைத் தூக்குவது லேசல்ல. துறைமுகத்தில் முப்பத்தொரு வருசம் கப்பல்களுக்குக் கயிறு கட்டினவர், எழுபத்திரண்டு வயதிலும் தோள் இறங்காத ஆள். மாசி மாதம் குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை உடைத்துக்கொண்டார். ஆஸ்பத்திரியில் எலும்புக்குள் மூன்று ஆணி இறக்கினார்கள். அதற்கு ஒரு கையெழுத்துத்தான் கேட்டார்கள்.

வீட்டுக்கு அனுப்பும்போது பயிற்சி கொடுக்கிற பிள்ளை அவருடைய மனுசி ஸாலிஹாவிடம் சொன்னாள்.

"அம்மா, கொமட்டுக்குப் பக்கத்தில ஒண்டு, பைப்புக்குப் பக்கத்தில ஒண்டு, சுவரில கைபிடிக் கம்பி போடுங்கோ. அதைப் பிடிச்சு எழும்பினாரெண்டா தன்ர அலுவலைத் தானே பார்ப்பார்."

"போடாட்டி?"

"திரும்ப விழுவார். இன்னும் ரெண்டொருக்கா விழுந்தாரெண்டா பிறகு கட்டில்தான்."

எங்கள் இரண்டு வீட்டுக் குளியலறைக்கும் நடுவில் ஒற்றைக்கல் சுவர். மேலே காற்றுப் போக ஒரு சதுர ஓட்டை. அங்கே பேசுவது எனக்கு இங்கே பேசுவதுபோலத்தான்.

"கொஞ்சம் தண்ணி குடிங்க."

"வேணா."

"காலையில இரிந்து ஒண்டும் குடிக்கல்ல நீங்க."

"குடிச்சாப் போகணும். போனா நீ தூக்கணும். உன்ட முதுகு என்ன இரும்பா? வேணா, வெச்சிட்டுப் போ."

அப்படித்தான் தொடங்கியது. காலையில் ஒரு பிளேன்ரீ, மத்தியானம் மருந்துக்கு அரைக் கிளாஸ் தண்ணீர், பிறகு வாயைத் துடைத்துவிட்டு யன்னலால் கடலைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

"அக்கா, என்னோட ஒருக்கா கந்தோருக்கு வாறீங்களா? எனக்கு அவங்கட கதை விளங்காது," என்றாள் ஸாலிஹா.

"எனக்கு மட்டும் விளங்குமே? வா, ரெண்டு பேரும் விளங்காமலே போவம்."

எங்கள் வீடுகளின் சொந்தக்காரர் துறைமுகப் பகுதி வாடகைக் குடியிருப்புச் சபை. சபையின் அலுவலகம் ஓர்ஸ் ஹில் மேட்டில் இருக்கிறது. பெயர்ப்பலகை கந்தோரைவிட நீளம். ‘விசேட தேவையுடையோர் பிரிவு’ மூன்றாம் மாடியில். மின்தூக்கி உத்தியோகத்தருக்கு மட்டும். இருந்து இருந்து ஏறிப் போனோம்.

முகாமையாளர் சிவகுரு கதிரையைக் காட்டினார். மரியாதையான மனுசன். கடைசிவரை மரியாதையாகத்தான் நடந்தார்.

"ரெண்டு கம்பி ஐயா," என்றாள் ஸாலிஹா. "கம்பி நாங்க வாங்குறம். அடிக்க ஆளும் நாங்க பிடிக்கிறம். உத்தரவு மட்டும் தாங்க."

"அம்மா, நீங்கள் பிழையா விளங்கியிருக்கிறீங்கள். சுவர் உங்கட இல்லை. சுவருகளுக்கு நடுவில இருக்கிற இடத்தைத்தான் சபை உங்களுக்கு வாடகைக்குத் தந்தது. நீங்கள் அந்த இடத்தில என்னவும் செய்யலாம். கதிரை போடலாம், பாய் போடலாம். சுவரைத் தொடேலாது."

"இவர் சுவரத் தொடாமத்தான் ஐயா விழுந்தார்."

சிவகுரு சிரிக்கவில்லை. கோப்பைத் திறந்து ஒரு தாளை உருவினார்.

"உங்கட அவர் இரண்டாம் மாடியில. மாடி வீடு குடுக்கேக்க ஒரு உறுதிமொழி எடுக்கிறது. இந்தா, அவற்ற கையெழுத்து: ‘நான் படியேறக்கூடிய திடகாத்திரமுள்ளவன்.’ இப்ப ஏலாதெண்டு எழுதித் தந்தா, உறுதிமொழி பொய் எண்டு வரும். வீட்டைத் திருப்பி எடுக்கவேண்டி வரும்."

ஸாலிஹா என்னைப் பார்த்தாள். நான் கேட்டேன்.

"அண்டைக்கு ஏறினவர்தானே ஐயா. மாசியிலதானே விழுந்தவர்?"

"விழுறதுக்கு முதல் சபைக்கு அறிவிச்சவரோ?"

"விழுறதுக்கு முதல் என்னெண்டு ஐயா அறிவிக்கிறது?"

"அதைத்தான் அம்மா நானும் கேக்கிறன். ஒருத்தரும் அறிவிக்கிறேல்லை. எங்கட சனத்தின்ர பெரிய குறை அதுதான். எல்லாம் நடந்து முடிஞ்ச பிறகு ஓடி வாறது."

ஸாலிஹா கைப்பையை எடுத்துக்கொண்டு எழும்பினாள். சிவகுரு கையைக் காட்டி இருத்தினார். சபை மனிதாபிமானம் இல்லாததல்ல என்றார். 2017ஆம் ஆண்டுச் சுற்றறிக்கையில் ஒரு வழி இருப்பதாகவும், அதை இதுவரை ஒருவரும் பாவித்ததில்லை என்றும், அது அப்படியே புத்தம்புதிதாக இருப்பதாகவும் சொன்னார்.

"வீடு முழுக்க ஏலாதவரெண்டா வீடு போகும். ஆனா குளியலறைக்குள்ள மட்டும் ஏலாதவரெண்டா, வீட்டையும் வைச்சிருக்கலாம், கம்பியும் போடலாம். டொக்டரிட்ட அப்படியொரு அத்தாட்சி எடுத்துக்கொண்டு வாங்கோ."

டொக்டர் ஜெயரூபி அந்தப் படிவத்தை இரண்டு தரம் வாசித்தா. சின்ன வயசு. நித்திரை இல்லாத கண்.

"குளியலறைக்கு வெளியில வந்தா இவற்ற இடுப்பு சரியாகிடுமோ?"

"சபைக்குச் சரியாகும் டொக்டர்," என்றேன்.

"அப்ப வாசல் படியில நிக்கேக்க?"

"அதுக்கு வேற படிவம் இருக்கும்," என்றாள் ஸாலிஹா.

டொக்டர் சிரிக்கத் தொடங்கி நடுவில் நிறுத்திவிட்டா. பிறகு ‘மேற்படி அபூதாஹிர் குளியலறையினுள் மட்டும் இயலாதவர்’ என்று எழுதி, மேசை அதிர முத்திரையைக் குத்தினா. அந்தக் கடதாசியை நானா கையில் வாங்கிக் கண்ணாடி போட்டு வாசித்தார்.

"பரவால்ல. சமையலறைக்குள்ள நான் திடகாத்திரம். ஸாலிஹா, இனிமே தேங்காய நான் துருவுறன், தா."

அன்றைக்குப் பகிடி இன்னும் மிச்சம் இருந்தது.

சித்திரை போய் வைகாசியில் தொழில்நுட்ப உத்தியோகத்தர் றிஸ்வி வந்தார். முப்பது வயதிருக்கும், சட்டைப்பையில் நாலு பேனை. கூட இரண்டு பேர், ஒருவர் அளவுநாடா பிடிக்க, மற்றவர் அதைப் பார்த்துக்கொண்டு நிற்க. குளியலறை மூன்றே முக்கால் அடி அகலம். மூன்று பேரும் உள்ளே போனதும் ஒருவராலும் குனிய முடியவில்லை.

"உம்மா, படிவத்தில ‘விபத்து நிகழ்ந்த விதம், புகைப்படத்துடன்’ எண்டு இரிக்கி. வாப்பா ஒருக்கா வந்து விழுந்த மாதிரிக் கிடந்து காட்டுவாரா?"

நானா கட்டிலில் இருந்தபடி சொன்னார்.

"தம்பி, நான் விழுந்து காட்டினா எழுப்பிக் காட்டுறது ஆரு?"

"அது படிவத்தில இல்ல வாப்பா."

கடைசியில் ஒரு தலையணைக்கு நானா உடுக்கிற சாரத்தைச் சுற்றி, கொமட்டுக்கும் வாளிக்கும் நடுவில் கிடத்திப் படமெடுத்தார்கள். றிஸ்வி வெட்கப்பட்டார். அதையும் சொல்ல வேண்டும். வெட்கப்பட்டுக்கொண்டே மூன்று கோணத்தில் எடுத்தார்.

இருபத்தாறு நாளில் பதில் வந்தது. ‘புகைப்படத்தில் காணப்படும் நபருக்கும் தங்கள் தேசிய அடையாள அட்டையிலுள்ள நபருக்கும் ஒற்றுமை காணப்படாமையால் விண்ணப்பம் திருப்பி அனுப்பப்படுகிறது.’

எனக்கும் ஒரு கடிதம் வந்தது. சுவரின் மறுபக்கத்தில் வசிப்பவர் என்ற வகையில், கைபிடியின் பாரம் என் பக்கம் வருவதில் எனக்கு ஆட்சேபணை உண்டா என்று கேட்டிருந்தார்கள். ‘வரட்டும்’ என்று எழுதி அனுப்பினேன். ‘உண்டு’ அல்லது ‘இல்லை’ என்று மட்டும் எழுதுமாறு திருப்பி அனுப்பினார்கள். ‘இல்லை’ என்று எழுதினேன். மூன்று பிரதி கேட்டார்கள்.

ஆனி மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, ஸாலிஹா மீன் வாங்கக் கீழே இறங்கின நேரம், சுவருக்கு அங்காலே வாளி உருண்டது. பிறகு ஒரு சத்தமும் இல்லை. நான் அடுப்பை நிற்பாட்டிவிட்டு என் குளியலறைக்குள் ஓடினேன்.

"நானா! நானா, கேக்குதே?"

"கேக்குது அக்கா." குரல் நிலத்தில் இருந்து வந்தது. "சத்தம் போடாதீங்க. சனம் கூடும்."

"கூடட்டுமே! அடிபட்டுதோ?"

"தெரியல்ல. கால் கதவோட முட்டிக் கிடக்கு. கதவு உள்ளுக்குத் திறக்கிற கதவு. ஸாலிஹா வந்தா தள்ளுவாள். தள்ள வேணாம் எண்டு சொல்லுங்க."

"சொல்லுறன். நீங்கள் கதைச்சுக்கொண்டிருங்கோ. நித்திரையாப் போகாதேங்கோ."

"என்னத்தக் கதைக்கிற?"

"என்னத்தையாவது. கப்பலைப் பற்றிக் கதையுங்கோ."

வாளி ஒருக்கா நிலத்தில் உரசியது. பிறகு சொன்னார்.

"கப்பல் கரைக்கு வரக்குள்ள பிடிச்சுக் கட்ட இரும்புக் குத்தி இரிக்கும் அக்கா. எந்தத் துறைமுகத்திலயும் இரிக்கும். அதில்லாமக் கப்பல உள்ளுக்கே விடமாட்டான்."

அதற்கு மேல் மூக்கை உறிஞ்சுகிற சத்தம்தான். அழுதார் என்று நினைக்கிறேன். அழுகிறீங்களோ என்று நான் கேட்கவில்லை.

ஐம்பது நிமிசம். கீழ்மாடியில் குடியிருக்கிற சல்லிக் கிராமத்துப் பெடியள் இரண்டு பேர், மீன்பிடிக்குப் போய் வந்தவர்கள், கதவைப் பிணைச்சலோடு கழட்டித்தான் அவரை எடுத்தார்கள். கதவு சபையின் சொத்து என்பதால் அதற்கு ஸாலிஹாவிடம் விளக்கம் கோரப்பட்டது. ஆணி இறக்கின எலும்புக்கு ஒன்றும் ஆகவில்லை, மற்றப் பக்கம் முழங்கால் வீங்கியது. அதன் பிறகு மத்தியான மருந்தையும் தண்ணீர் இல்லாமல் விழுங்கப் பழகினார். தோல் சுருங்கி, உதடு வெடித்து, கதைக்கும்போது நாக்கு ஒட்டியது. டொக்டர் சிறுநீரகம் பழுதாகப் போகிறது என்று எச்சரித்தா.

மூன்றாம் நாள் சிவகுரு தொலைபேசி எடுத்தார். ஸாலிஹா எனக்கும் கேட்கட்டும் என்று சத்தத்தைக் கூட்டி வைத்தாள்.

"அம்மா, ஐயா இரண்டாந்தரமும் விழுந்தவராம். கேள்விப்பட்டு மனம் சரியில்லை. படம் எடுத்தனீங்களோ?"

ஸாலிஹா போனை அணைக்கப் போனாள். நான் பறித்தேன்.

"ஐயா, உங்களைப் பெத்ததுகள் விழுந்தா முதல்ல எதைத் தூக்குவீங்கள்? ஆளையோ, போனையோ?"

"அம்மா உணர்ச்சிவசப்படுறீங்கள். விளங்குது. ஆனா உணர்ச்சிக்கு எங்களிட்டப் பிரிவு இல்லை. நான் சொல்லுறது உங்கட நன்மைக்கு. இப்பிடியொரு சந்தர்ப்பம் திரும்ப வருமோ தெரியாது. அடுத்த முறையாவது ஆயத்தமா இருங்கோ."

இவ்வளவுக்கும் பிறகு கம்பி வந்தது. எங்கள் கடிதத்தாலோ கண்ணீராலோ அல்ல. புரட்டாதி கடைசியில் முதியோர் தினம் நெருங்கியது, சபைக்கு அந்த வருசம் திறந்து வைக்க ஒன்றும் இருக்கவில்லை. விளையாட்டு முற்றத்துக்கு அத்திவாரம் மட்டும்தான் போட்டிருந்தது, அதையும் இரண்டு தரம் திறந்தாகிவிட்டது. யாரோ எங்கள் கோப்பைத் தூசு தட்டி எடுத்திருக்கிறார்கள். தலையணையின் படம் திடீரென்று நானாவைப்போல இருந்திருக்கிறது.

றிஸ்வி ஆட்களோடு வந்து அரை மணித்தியாலத்தில் வேலையை முடித்தார். நல்ல துருப்பிடியாக் கம்பி இரண்டு, சரியான உயரத்தில். நான் இழுத்துப் பார்த்தேன், தொங்கிப் பார்த்தேன். அசையவில்லை. ஏழு மாதம் காத்திருந்தது அரை மணித்தியால வேலைக்கு.

ஸாலிஹா நானாவைக் கூட்டிவரத் திரும்பினாள். திரும்பி வந்தபோது குளியலறை வாசலுக்குக் குறுக்கே ஒரு சிவப்பு ரிப்பன் கட்டியிருந்தது.

"உம்மா, கௌரவ தலைவர் வந்து வெட்டித் திறந்து வைப்பார். வியாழக்கிழமை. அதுவரைக்கும் பாவிக்கப்படாது."

"குளியலறையவா மகன்?"

"திறந்து வைக்காத ஒண்டப் பாவிச்சா பிறகு அதத் திறக்கேலாது உம்மா. எனக்குத்தான் பிரச்சினை வரும்."

"அப்ப நாங்க எங்க போற?"

றிஸ்வி ரிப்பனைச் சரிசெய்தார். பிறகு ஆட்கள் ஒரு கறுப்புப் பெயர்க்கல்லைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். ‘இலகு கரம் கருத்திட்டம், கௌரவ தலைவர் அவர்களினால் திறந்து வைக்கப்பட்டது’ என்று தங்க எழுத்தில் இருந்தது. முன்கூடத்துச் சுவரில் துளைபோடும் இயந்திரத்தை வைத்து நாலு ஓட்டை போட்டார்கள். ஐந்து நிமிசம். படிவம் இல்லை, படம் இல்லை, மறுபக்கத்துக்காரி என்று என்னை ஒருவரும் கேட்கவும் இல்லை. சுவர்த்தூள் ஸாலிஹாவின் தேத்தண்ணிக் கோப்பைக்குள் விழுந்தது.

வியாழன் தலைவருக்குக் கொழும்பில் கூட்டம். திங்கள் சுபநேரம் சரியில்லை. வெள்ளிக்கு வைத்தார்கள். ஒன்பது நாள்.

அந்த ஒன்பது நாளும் நானா என் குளியலறைக்கு வந்தார். என் குளியலறையில் கம்பி இல்லை. ஒரு பக்கம் ஸாலிஹா, மற்றப் பக்கம் நான். வேறு வீட்டுப் பொம்பிளை தாங்கிப் பிடிக்க வேண்டி வந்ததே என்று அவர் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு வருவார். நான் மற்றப் பக்கம் பார்த்துக்கொண்டு பிடிப்பேன். அவரைக் கொமட்டில் இருத்திவிட்டு வெளியே வந்து நிற்கும்போது, சுவருக்கு அங்காலே அந்த இரண்டு கம்பியும் மினுங்கிக்கொண்டிருப்பது எனக்குத் தெரியும். நாலு அங்குலம். எனக்குப் பத்திக்கொண்டு வரும். குளிப்பு மட்டும் முடியவில்லை. ஸாலிஹா ஈரத்துணியால் அவருடைய மேலைத் துடைத்துவிட்டாள்.

வெள்ளிக்கிழமை காலை ஓட்டைக்குள்ளால் கேட்டது.

"ஸாலிஹா, இண்டைக்கு ஜும்ஆ நாள்."

"தெரியும்."

"பள்ளிக்குத்தான் இறங்க ஏலா. குளிச்சிட்டாவது தொழணும். ஒன்பது நாள் நாத்தம் என்ட மேல்ல. இப்படி எப்படி நான் அல்லாஹ்க்கு முன்னால இரிக்கிற?"

"பத்து மணிக்கு வருவாங்க. வெட்டின உடனே குளிக்கலாம்."

"வருவாங்களா?"

குசினிக்குள் ஏதோ இழுப்பதும் மூடுவதும் கேட்டது. பிறகு துணி கிழிகிற மாதிரி ஒரு சின்னச் சத்தம்.

"என்ன செஞ்ச?"

"எழும்புங்க. வாளி நிரப்பியிரிக்கி. கதவுக் கொண்டி போட வேணா."

"போடுவன். கொண்டி போட்டாத்தான் குளிக்கிற மாதிரி இரிக்கும்."

தலைவர் அன்றைக்கு நேரத்துக்கு வந்துவிட்டார். அதற்கு முதல் அவர் எதற்கும் நேரத்துக்கு வந்ததாக ஒருவருக்கும் ஞாபகமில்லை. வெள்ளைச் சட்டை, பின்னால் சிவகுரு, அவருக்குப் பின்னால் கத்தரிக்கோலைத் தட்டத்தில் வைத்து ஏந்தியபடி றிஸ்வி, இரண்டு படம்பிடிப்பாளர்கள், மாலை, ஏழு கதிரை. எங்கள் படியில் அவர்கள் மூச்சு வாங்கினதை நான் பார்த்தேன். ஒருவரும் உறுதிமொழி கேட்கவில்லை.

குளியலறைக் கதவு சாத்தியிருந்தது. ரிப்பனின் இரண்டு துண்டும் இரண்டு பக்கமும் தொங்கின. நடுவில் ஸாலிஹா கதிரை போட்டு, மடித்த சாரத்தை மடியில் வைத்துக்கொண்டு இருந்தாள். உள்ளே தண்ணீர் ஊற்றுகிற சத்தம்.

"ஆர் அம்மா இதை வெட்டினது?" சிவகுருவின் குரல் உடைந்தது.

"நான்தான். மீன் வெட்டுற கத்தியால."

"தலைவர் வெட்டவேண்டியதை?"

"அவர் குளிக்கப்போறாரெண்டா அவர் வெட்டியிருக்கலாம்."

தலைவர் கையை உயர்த்தினார். பெரிய மனுசர் கோபப்படுவதில்லை. "ஏழை எளியவர்களின் ஆர்வத்தை நாம் புரிந்துகொள்ள வேண்டும்," என்று தொடங்கினார், தொடங்கினது உரையாகவே போய்விட்டது. "இது வெறும் கம்பி அல்ல. சபை நீட்டிய கரம். இந்தக் கருத்திட்டத்தை ஆரம்பத்திலிருந்தே நான் நேரடியாகக் கண்காணித்து வந்தேன். ஏழு மாதம் என்பது குறுகிய காலம். ஒரே ஒரு பயனாளிக்காக ஒரு சபையே இத்தனை நாள் உழைத்தது என்றால், அதை உலகத்தில் வேறு எங்கே காண்பீர்கள்?"

"இஞ்சதான் கண்டனாங்கள்," என்றேன். ஒருவரும் திரும்பவில்லை.

றிஸ்வி பையிலிருந்து புது ரிப்பன் எடுத்துக் கட்டினார். தலைவர் வெட்டினார். படம் எடுத்தார்கள்.

"இப்ப பயனாளி கைபிடியைப் பிடிச்சபடி, தலைவர் பக்கத்தில நிண்டபடி ஒரு படம்," என்றார் சிவகுரு, கதவுப் பக்கம் கையை நீட்டிக்கொண்டு. "ஐயா! கொஞ்சம் திறவுங்கோ!"

ஸாலிஹா எழும்பினாள். முழங்கையால் கதவை மறித்துக்கொண்டு நின்றாள். அவ்வளவு சின்ன மனுசி, சிவகுருவின் கழுத்துவரைகூட வரமாட்டாள்.

"என்ட புருசன் உள்ளுக்கு உடுப்பில்லாம நிக்கிறார். தலையணையப் படமெடுத்தீங்க, சும்மா இருந்தன். விழுந்து கிடந்த மனுசனப் படமெடுக்கல்லியா எண்டு கேட்டீங்க, சும்மா இருந்தன். இந்தக் கதவத் தொட்டுப் பாருங்க ஐயா. தொட்டுப் பாருங்க."

ஒருவரும் தொடவில்லை. தண்ணீர்ச் சத்தமும் நின்றது. உள்ளேயிருந்து ஒரு முனகல். கை கம்பியில் வழுக்கி, திரும்ப இறுக்குகிற சத்தம். பிறகு முழங்கால் ஒன்று சடக்கென்று நிமிர்கிற சத்தம். ஸாலிஹா கண்ணை மூடிக்கொண்டாள்.

"ஸாலிஹா!" நானாவின் குரல். கட்டுமரத்துக்குக் கேட்கிற மாதிரி ஒரு குரல். "எழும்பிட்டன்! நானேதான் எழும்பினன்!"

பெரிய குரலில் எதைச் சொன்னாலும் கைதட்டிப் பழகினவர்கள். சபையார் அத்தனை பேரும் கைதட்டினார்கள். தலைவர் மார்பில் கைவைத்துத் தலையைக் குனிந்து அந்தக் கைதட்டலை ஏற்றுக்கொண்டார்.

"போதும்," என்றாள் ஸாலிஹா. "எல்லாரும் வெளியில போங்க. இவர் உடுப்பு மாத்தணும்."

போனார்கள். முதலில் தலைவர், பிறகு சிவகுரு, பிறகு தட்டத்தோடு றிஸ்வி. வரிசை தவறவில்லை.